ஸ்காலர்ஷிப் பரிசா, சம்பளமா? ஒரு டாக்ஸ் கேள்வியோட கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பிய மெயில். சென்னையில் பிஹெச்டி பண்றாங்க. இந்தியாவிலிருந்து கிடைக்கும் ஒரு ஃபெல்லோஷிப்பில் பத்து மாசம் அமெரிக்காவுக்கு விசிட்டிங் ரிசர்ச்சரா போகப் போறாங்க. கேள்வி ரெண்டு வரிதான்: "காசு இந்தியாவிலிருந்து வருது, நான் இருக்கப் போறது அமெரிக்காவில். இதை எந்த நாட்டு ரிட்டர்னில் காட்டணும்?"

நான் ஆடிட்டர் இல்லை, கோடு எழுதுற ஆள். அதனால பதில் தேடும்போது என் வழக்கப்படி பழைய கமிட் ஹிஸ்டரியைப் புரட்டினேன். ஒரு விதி இன்னைக்கு விசித்திரமா தெரியுதுன்னா, அது எழுதப்பட்ட அன்னைக்கு யாருக்கோ ஒரு பிரச்சினை இருந்திருக்கும். இந்த விஷயத்தில் அந்தப் பிரச்சினைகள் ஒவ்வொன்றும் தனிக் கதை.

அடிப்படைக் கேள்வியில் ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் இன்றைய வருமான வரி 1913-ல் வந்தது. பரிசாகக் கிடைத்ததுக்கு வரி இல்லை என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் ஸ்காலர்ஷிப் என்று தனியாக ஒரு வார்த்தை கூட இல்லை. அதனால் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சியாளருக்குப் பணம் கொடுத்தால் அது பரிசா, கூலியா என்று ஒவ்வொரு கேஸாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. ஸ்காலர்ஷிப் வாங்கியவர்கள் குறைவு, வரி கட்டியவர்களும் குறைவு. யாருக்கும் பெரிய அவசரம் இல்லை.

ரெண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரி, கிரேன், கூடாரம், மருந்து எல்லாம் உலகம் முழுக்கக் கிடந்தன. திருப்பி எடுத்துப் போனால் செலவு. அந்தந்த நாட்டுக்கே விற்கலாம் என்றால் வாங்கும் நாடுகளிடம் டாலர் இல்லை, உள்ளூர் நாணயம்தான் இருந்தது. ஆர்கன்சா மாநில செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு யோசனை சொன்னார். அந்த உள்ளூர்க் காசை அங்கேயே வைத்து, மாணவர்களும் பேராசிரியர்களும் நாடு விட்டு நாடு போய்ப் படிக்கச் செலவழிக்கலாம். அவரே ரோட்ஸ் ஸ்காலரா ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். 1946 ஆகஸ்ட் 1-ல் அதிபர் ட்ரூமன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் ஒப்பந்தம் 1947-ல் சீனாவோடு. இந்தியாவோடு 1950 பிப்ரவரி 2-ல், நேருவும் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சனும் கையெழுத்திட்டார்கள்.

இப்போ ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஃபுல்பிரைட்டில் இந்தியா வர்றார்னு வச்சுக்கங்க. அவர் கைக்கு வருவது ரூபாய். அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டணும், அது அவங்க ஊர் வழக்கம். வரியை டாலரில் கேட்பாங்க. ஆனா அவர் கையில் இருக்கிற ரூபாயை டாலரா மாற்ற முடியாது, நாணயக் கட்டுப்பாடு. வருமானம் இருக்கு, அதுக்கு வரியும் இருக்கு, கட்ட மட்டும் வழி இல்லை.

இதுக்கு அமெரிக்க வரித்துறை கொண்டுவந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் குறைந்தது 70 சதவீதம் இப்படி மாற்ற முடியாத நாணயத்தில் வந்திருந்தால், அந்தப் பகுதிக்கான அமெரிக்க வரியை அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டலாம். அதாவது அமெரிக்க வருமான வரியை ரூபாயில் கட்டலாம்! அரசாங்கம் தன் மக்களிடம் வேற நாட்டு நோட்டை வரியா வாங்கிக்கிட்டது. அந்த விதி இன்னும் நீக்கப்படவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர்களுக்கான வரித்துறைக் கையேட்டில் ஒரு சின்னப் பத்தியா உட்கார்ந்திருக்கு. (ரூபாய் சேர்ந்து சேர்ந்து என்ன ஆச்சுன்னு கேட்டா, அது முக்கியமா உணவு தானிய விற்பனையில் சேர்ந்த வேற பெரிய கதை. 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக்கை இந்திய அரசிடம் கொடுத்தார். அதுக்குத் தனி எபிசோடு வேணும்.)

ஸ்காலர்ஷிப்புக்குன்னு தனிச் சட்டப் பிரிவு 1954-ல் வந்தது. எண் 117. பட்டம் படிப்பவருக்கு உதவித்தொகை முழுக்க வரி விலக்கு. பட்டம் படிக்காதவருக்கு, அதாவது நம்ம விசிட்டிங் ரிசர்ச்சர் மாதிரி ஆட்களுக்கு, மாசம் 300 டாலர் வரை விலக்கு. அதுவும் வாழ்நாளில் 36 மாசம்தான். 36 மாசம்னா 10,800 டாலர், அதுக்கு மேல நீங்க எவ்வளவு பெரிய விஞ்ஞானியா இருந்தாலும் வரி உண்டு. அந்த 300 டாலரை விலைவாசியோடு சேர்த்து ஏற்றவும் இல்லை.

1961-ல் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம். இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் போகும் ஜே விசா பிறந்தது இந்தச் சட்டத்தில்தான். விசாவோடு சேர்த்து வரிச் சட்டத்தையும் திருத்தினார்கள். பிறநாட்டு மாணவரோ ஆராய்ச்சியாளரோ எஃப், ஜே விசாவில் வந்தால், அவர் வாங்கும் அமெரிக்க உதவித்தொகையில் வழக்கமான 30 சதவீதத்தைப் பிடிக்காமல் குறைந்த சதவீதம் பிடிக்கணும் என்றார்கள். 1964 சட்டம் அதை 14 ஆக்கியது. ஏன் 14? 1965-லிருந்து அமெரிக்க வருமான வரியின் மிகக் கீழ்ப் படி 14 சதவீதம். ஏழை மாணவன் அந்தப் படியில்தான் இருப்பான் என்ற நியாயமான கணக்கு. அந்தக் கீழ்ப் படி பிறகு பலமுறை மாறி இன்னைக்கு 10 சதவீதம் ஆயிடுச்சு. பிடித்தம் மட்டும் இன்னும் 14. யாரோ 1964-ல் ஹார்ட்கோடு பண்ணிட்டுப் போனது. உங்க நண்பர்கள் யாராவது '1042-எஸ்' என்ற தாளில் 14 சதவீதம் பிடிச்சிருக்காங்கன்னு புலம்பினா, அந்த எண்ணோட ஊர் இதுதான். ஆனா பிடிச்சது போச்சுன்னு அர்த்தமில்லை. அது முன்பணம். 1040-என்ஆர் ரிட்டர்னில் கணக்குப் போட்டு, மிச்சம் இருந்தா திரும்ப வாங்கலாம்.

அதே 1961 சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம். இந்த விசாக்களில் வந்தவருக்கு அவருடைய வெளிநாட்டு முதலாளி சம்பளம் கொடுத்தால், அவர் அமெரிக்காவில் ரெசிடெண்ட் ஆகாத வரை, அதுக்கு அமெரிக்க வரி கிடையாது. இங்கே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறவர் விடுப்புச் சம்பளத்தோடு போனால், அந்தச் சம்பளத்தை அமெரிக்கா தொடாது.

இனி இந்த எபிசோடில் நான் கொஞ்சம் நிதானமா சொல்ல விரும்பும் கதை. பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் பக்கத்தில், பெட்டிஸ் அணுசக்தி ஆய்வுக்கூடம். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸுக்கு ரியாக்டர் வடிவமைத்த இடம். அரசுக்குச் சொந்தம், நடத்தியது வெஸ்டிங்ஹவுஸ். அங்கே வேலை செய்த எஞ்சினியர்களுக்கு ஒரு டாக்டரேட் திட்டம் இருந்தது. முதலில் வேலை பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகலாம். அப்புறம் ஆய்வேடு எழுத லீவு. லீவில் இருக்கும்போது பழைய சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை உதவித்தொகை. குடும்பம் பெருசா இருந்தால் அதுக்கேற்ப கூடுதல். இன்சூரன்ஸ், சீனியாரிட்டி எல்லாம் அப்படியே. நிபந்தனை என்னன்னா, முடித்துவிட்டு வந்து குறைந்தது ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கணும். ஆய்வுத் தலைப்பும் ஆய்வுக்கூடத்தின் வேலைக்குக் கொஞ்சமாவது சம்பந்தமா இருக்கணும்.

ரெண்டு வருஷ பாண்டு! ஐடியில் இருக்கிறவங்களுக்கு இது எந்த ஊர்க் கதைன்னே தோணாது.

கம்பெனி அந்த உதவித்தொகையில் வரியைப் பிடித்தது. எஞ்சினியர்கள் சொன்னார்கள்: நாங்க லீவில் இருக்கோம், கம்பெனிக்கு ஒரு வேலையும் செய்யலை, ஆய்வேடு எழுதுறோம், இது ஃபெல்லோஷிப், வரியைத் திருப்பிக் கொடுங்க. வழக்கு போட்டாங்க. கீழ் நீதிமன்றத்தில் ஜூரி இது சம்பளம்தான் என்றது. மேல்முறையீட்டில் எஞ்சினியர்கள் ஜெயித்தார்கள். கடைசியில் 1969 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் பிங்லர் எதிர் ஜான்சன். நீதிபதி ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது: கொடுக்கிறவர் பதிலுக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தால்தான் அது ஸ்காலர்ஷிப். கயிறு கட்டிக் கொடுத்தால் அது கூலி. பழைய வேலைக்கோ, இப்போதைய வேலைக்கோ, இனிமேல் செய்யப்போகும் வேலைக்கோ, எதுக்குக் கொடுத்தாலும் கூலி கூலிதான்.

எனக்கு அந்த எஞ்சினியர்கள் மேல் அனுதாபம் உண்டு. ஆனால் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். குடும்ப அளவைப் பார்த்துத் தொகை கூடுது, இன்சூரன்ஸ் ஓடுது, திரும்பி வரணும்னு எழுதி வாங்கியிருக்கு. சம்பளத்துக்கு வேற பெயர் வச்ச மாதிரிதான் இருக்கு. இந்தத் தீர்ப்பால் நமக்குக் கிடைத்த பாடம் நடைமுறையானது: அவார்டு லெட்டரில் மேலே ஃபெல்லோஷிப் என்று போட்டிருக்கிறதா என்பது முக்கியமில்லை. உள்ளே என்ன நிபந்தனை இருக்கிறது என்பதுதான் முக்கியம். வகுப்பு எடுக்கணும், லேபில் இத்தனை மணி நேரம் வேலை செய்யணும் என்று இருந்தால் அது வேற கணக்கு.

1984-ல் இன்னொரு மாற்றம். அதுவரை ஒரு வெளிநாட்டவர் வரிக்காக அமெரிக்க 'ரெசிடெண்ட்' ஆகிவிட்டாரா என்பதை அவர் மனசில் என்ன நோக்கம், எங்கே வேர் விட்டிருக்கார் என்றெல்லாம் பார்த்து முடிவு பண்ணினார்கள். 1984 சட்டம் ஒரு ஃபார்முலாவைக் கொடுத்தது: இந்த வருஷ நாட்கள், போன வருஷ நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் 183 வந்தால் நீங்கள் ரெசிடெண்ட். இந்த வருஷம் 31 நாளாவது இருந்திருக்கணும். மாணவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் சலுகை உண்டு. மாணவர் என்றால் 5 காலண்டர் வருஷம் நாட்களை எண்ண வேண்டாம். ஜே விசா ஆராய்ச்சியாளர் என்றால் 2 காலண்டர் வருஷம்தான். உங்க டிஎஸ்-2019 தாளில் எந்தப் பிரிவு டிக் ஆகியிருக்கோ அதைப் பொறுத்தது.

இங்கே காலண்டர் வருஷம் என்ற வார்த்தையைக் கவனிக்கணும். ஒரு ஆராய்ச்சியாளர் 2022 டிசம்பர் கடைசி வாரம் போய் இறங்கினால், 2022 ஒரு முழு வருஷமா எண்ணப்படும். 2023 ரெண்டாவது. 2024-ல் அவர் நாட்களை எண்ண ஆரம்பிக்கணும், வருஷம் முழுக்க அங்கே இருந்தால் ரெசிடெண்ட். அதே ஆள் ஒரு வாரம் கழித்து 2023 ஜனவரியில் இறங்கியிருந்தால் 2024-ம் சலுகைக்குள் வந்திருக்கும். ரெசிடெண்ட் ஆனால் என்ன? உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் காட்டணும். ஊரில் இருக்கிற எஃப்டி வட்டியிலிருந்து இந்திய ஃபெல்லோஷிப் வரைக்கும். டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி போடுறவங்க இதையும் ஒரு தடவை பார்த்துக்கங்க.

அடுத்தது 1986. ரீகன் கையெழுத்திட்ட பெரிய வரிச் சீர்திருத்தம். பிரிவு 117 ஒட்ட வெட்டப்பட்டது. பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணம், புத்தகம், தேவையான உபகரணம் இதுக்கான தொகைக்கு மட்டும் விலக்கு. தங்க, சாப்பிடக் கொடுக்கும் ஸ்டைபெண்டுக்கு வரி. பட்டம் படிக்காதவருக்கு இருந்த 300 டாலர் சலுகையும் போச்சு. அரசு சொன்ன நியாயம்: ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனையும் தனிநபர் விலக்கையும் ஏற்றியிருக்கிறோம், குறைந்த வருமானம் உள்ள மாணவர் எப்படியும் வரிக்குள் வர மாட்டார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெசிடெண்ட் அல்லாத வெளிநாட்டவருக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே கிடையாது! சலுகையை எடுத்த கை எல்லாருக்கும் பொதுவா எடுத்தது, ஈடு கொடுத்த கை உள்ளூர்க்காரருக்கு மட்டும் கொடுத்தது. சட்டம் போட்டவர்கள் வேணும்னே பண்ணினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓட்டு இல்லாதவர்களை யாரும் டெஸ்ட் கேஸா எடுத்துக்கலை, அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை ஒரு நாடு மட்டும் கவனித்து அடைத்த மாதிரி இருக்கு, அது நம்ம நாடு. 1989 செப்டம்பர் 12-ல் புது டெல்லியில் இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் 21-வது பிரிவு: அங்கே படிக்கும் இந்திய மாணவருக்கு, ஸ்காலர்ஷிப்பிலும் சம்பளத்திலும், அந்த ஊர் ரெசிடெண்டுக்கு என்ன சலுகையோ அதே சலுகை. அதன்படி இந்திய மாணவர் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கலாம். அமெரிக்க வரித்துறையின் கையேடே இந்திய மாணவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2018-லிருந்து அமெரிக்காவில் தனிநபர் விலக்கும் பூஜ்யமாகிவிட்டதால் இதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. 2024 வருமானத்துக்கு இது 14,600 டாலர். ஒரே லேபில், ஒரே ஸ்டைபெண்டில் பக்கத்து சீட்டில் இருக்கும் வேற நாட்டு மாணவர் முதல் டாலரிலிருந்து வரி கட்டிக்கொண்டிருக்கலாம், நம்ம ஆள் 14,600-க்கு மேல்தான். இது தெரியாமல் வெறும் ரிட்டர்ன் போடுற இந்திய மாணவர்கள் இன்னும் இருக்காங்க. 22-வது பிரிவு பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும்: கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ போகிறவருக்கு அந்த ஊதியத்தில் ரெண்டு வருஷம் வரை விலக்கு. 1945-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்திலேயே பேராசிரியர்களுக்கு இப்படி ரெண்டு வருஷக் கணக்கு இருந்தது. ஒரு எச்சரிக்கை: கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தங்கள் மாநில வரிக்கு இந்த ஒப்பந்தங்களை ஏற்பதில்லை.

இப்போ நம்ம நேயரின் கேள்விக்கு வரலாம், ஏன்னா அதுக்கான பதிலும் இதே காலத்தில்தான் எழுதப்பட்டது. சலுகை போனதால், வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்காலர்ஷிப் எந்த ஊர் வருமானம் என்ற கேள்வி திடீரென்று பெரிதானது. வேலைச் சம்பளம் என்றால் வேலை நடக்கும் இடம்தான் அதன் ஊர். ஸ்காலர்ஷிப்புக்கு? 1989-ல் அமெரிக்க வரித்துறை ஒரு விளக்க ஆணை போட்டது, 1995-ல் அதை முறையான விதியாக்கியது: ஸ்காலர்ஷிப்பின் ஊர் அதைக் கொடுப்பவரின் ஊர். நீங்க எங்கே உட்கார்ந்து படிக்கிறீங்க என்பது கணக்கில்லை. இந்தியாவில் இருக்கும் அமைப்பு கொடுத்தால் அது இந்திய வருமானம். பணம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணக்கு வழியாக உங்களுக்கு வந்தாலும் அதேதான். ரெசிடெண்ட் அல்லாதவர் அமெரிக்காவுக்கு வெளியே உருவான இந்த மாதிரிப் பணத்துக்கு அங்கே வரி கட்ட வேண்டியதில்லை.

ஆக, பத்து மாசம், ஜே விசா, இந்திய ஃபெல்லோஷிப், இதுக்கு முன்னாடி அமெரிக்காவில் இருந்ததில்லை என்றால்: அந்தத் தொகை 1040-என்ஆரில் வராது. வேற அமெரிக்க வருமானம் இல்லை என்றால் அந்த ரிட்டர்னே வேண்டாம். ஆனால் 8843 என்ற ஃபார்மை அனுப்பணும். 'நான் இத்தனை நாள் இருந்தேன், அந்த நாட்களை எண்ணாதீங்க' என்று சொல்லும் தாள் அது. வருமானமே இல்லாட்டியும் அனுப்பணும். போகிற பல்கலைக்கழகம் கூடுதலா வீட்டுச் செலவுக்குன்னு ஏதாவது கொடுத்தால் அது அமெரிக்கப் பணம், அந்த 14 சதவீதக் கதை அங்கே ஆரம்பிக்கும்.

பாதி பதில்தான் இது. மீதி பாதி இந்தியாவில். நிறைய பேர் 'நான் 182 நாளுக்கு மேல் வெளியே இருந்தேன், அதனால் என்ஆர்ஐ' என்று நினைக்கிறார்கள். ஆனால் இன்னொரு விதி இருக்கு: அந்த நிதியாண்டில் 60 நாள், அதுக்கு முந்தின நாலு வருஷத்தில் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தாலும் ரெசிடெண்ட்தான். ஆகஸ்டில் கிளம்பினால் ஏப்ரலிலிருந்து எண்ணும்போது 60 நாள் எப்போதோ தாண்டிவிடும். வேலைக்காக வெளிநாடு போகும் குடிமக்களுக்கு 60 நாளுக்குப் பதில் 182 என்று தளர்வு உண்டு. ஃபெல்லோஷிப்பில் ஆராய்ச்சிக்குப் போவது 'வேலைக்காக'ப் போவதா? பாருங்க, பிட்ஸ்பர்க் எஞ்சினியர்களோட கேள்வி வேற வேஷத்தில் இங்கே வந்து நிற்குது. நல்ல ஆடிட்டரிடம் லெட்டரைக் காட்டிக் கேட்க வேண்டிய இடம் இது.

தொகைக்கே வரி உண்டா என்பதில் நிலைமை பரவாயில்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(16) ஒரே வரிதான்: கல்விச் செலவுக்காக வழங்கும் ஸ்காலர்ஷிப்புக்கு விலக்கு. உச்ச வரம்பு எதுவும் சொல்லவில்லை. (2025-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து வருவதால் பிரிவு எண்கள் மாறும்.) வரி இல்லை என்றாலும் ரிட்டர்ன் போடும்போது விலக்குள்ள வருமானம் என்ற அட்டவணையில் காட்டிவிடுவது நல்லது.

உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடம் பேங்க் அக்கவுண்ட். அங்கே போனதும் வாடகை கட்ட ஒரு கணக்கு திறப்பீங்க. இந்தியாவில் சாதாரண ரெசிடெண்டா இருக்கும் ஒருவர் தன் வெளிநாட்டுக் கணக்கை ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் காட்டணும். 2012-ல் வந்த விதி. வரிக்குரிய வருமானம் இல்லாட்டியும் இதுக்காகவே ரிட்டர்ன் போடணும். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம். அந்தச் சட்டம் ஸ்விஸ் பேங்க் ஆட்களை நினைத்து எழுதினது. வலையில் வாடகைக் கணக்கு வச்சிருந்த மாணவர்களும் வரக்கூடிய நிலை இருந்தது. 2024 அக்டோபர் 1-லிருந்து, வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். காட்டவேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கு. இந்த அட்டவணை கேட்பது காலண்டர் வருஷக் கணக்கை, நிதியாண்டு இல்லை. அதனால கிளம்பும்போது கணக்கை மூடிட்டு வந்தாலும், மூடின தேதி வரைக்குமான ஸ்டேட்மெண்டை டவுன்லோடு பண்ணி வச்சுக்கங்க. மூடினப்புறம் லாகின் வேலை செய்யாது.

அடுத்த எபிசோடு அந்த 1,664 கோடி ரூபாய் செக் பற்றித்தான். பிஎல்-480 கோதுமையை ரேஷனில் வாங்கின ஞாபகம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இருந்தா, ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட் வாங்கி அனுப்புங்க.